எல் அட்டை ஒட்டிய பக்தர்

“…ஏன்னா கும்பிடுறது ஆறாவது பாடம், பூசாரி. நான் மறுபடியும் ஒண்ணாவதுக்கு வந்துட்டேன். எல் போட்ட காரு ஹைவேல ஏறலாமாலா?”

பூசாரி கற்பூரத் தட்டோடு நின்றார். கோயிலில் கிட்டத்தட்ட அத்தனை பேர் கைகளும் தலைக்கு மேலே இருக்க, பேசியவர் கைகளோ முதுகுக்குப் பின்னால். சட்டை முதுகில், ஓட்டப் பழகுகிறவர்கள் காரில் ஒட்டும் ‘எல்’ அட்டை, புத்தம் புதிதாக. போன வெள்ளிக்கிழமை நடந்தது இது. அடுத்து அவர் என்ன செய்தார் என்பதற்கு முன்னால் ஆளைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன்.

மலேசியாவில், எங்கள் கோலசிலாங்கூர் வட்டாரத்தில் இந்த லைசன்ஸ் அண்ணனைவிடப் பிடிவாதக்காரர் இன்னும் பிறக்கவில்லை. இனிமேல் பிறந்தாலும் அவரிடம்தான் வந்து கார் ஓட்டப் பழக வேண்டும். அவருடைய நிஜப் பெயர் மனைவி சரோஜா அக்காவுக்கே கொஞ்சம் யோசித்தால்தான் வரும். பக்கத்து இருக்கையிலும் ஒரு பிரேக் வைத்த பழைய கார்தான் அவர் பள்ளிக்கூடம். எனக்கும் அங்கேதான் படிப்பு. ‘இன்னும் பழுக்கல’ என்று அவருக்குத் தோன்றினால் யாரையும் டெஸ்டுக்கு அனுப்ப மாட்டார். அவருடைய மச்சான் பழக வந்தபோது கறுப்பு மீசை. பாஸாகி வந்தபோது பேரன் கைதட்டினான்.

இப்படிப்பட்டவர் ஒரு நவராத்திரியில், எங்கள் தோட்டத்து மாரியம்மன் கோயிலில், ஜெராமிலிருந்து வந்த அம்மையாரின் சொற்பொழிவைக் கேட்டுத் தொலைத்தார். பக்திக்கு ஒன்பது படி என்றார் அந்த அம்மையார். கேட்பது, பாடுவது, நினைப்பது, திருவடிக்குத் தொண்டு செய்வது, அர்ச்சிப்பது, வணங்குவது, அடிமையாவது, தோழனாவது, கடைசியில் தன்னையே கொடுத்துவிடுவது. எந்தப் படியில் நின்றாலும் அம்மன் கை எட்டும் என்றும் சொன்னார். அந்தக் கடைசி வாக்கியத்தை அண்ணன் கணக்கில் சேர்க்கவில்லை. கையைத் தூக்கினார்.

“இதுக்கு டெஸ்ட் எடுக்குறது யாரும்மா?”

அம்மையார் சிரித்து, “உங்க மனசாட்சிதான் ஐயா” என்றார். 

வேறு யாரிடம் வேண்டுமானாலும் அப்படிச் சொல்லியிருக்கலாம்.

மறுநாளே முதுகில் எல் அட்டை ஏறியது. ஜெராமிலிருந்து தஞ்சோங் காராங் வரை எங்கே மைக் கட்டினாலும் முன் வரிசையில் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்தார். அது கேட்கும் படி. ஊருக்கு இடைஞ்சல் இல்லை.

இரண்டாவது படியில்தான் ஊருக்குச் சோதனை. கைப்பிரேக்கை இறக்காமல் மேட்டில் ஏறும் லோரியின் குரல் அவருக்கு. அவர் பாடிய வெள்ளிக்கிழமைகளில் கம்போங் குவாந்தான் ஆற்றோர மின்மினிகள் விளக்கை அணைத்துவிடுவதாக, அவற்றைக் காட்டப் படகு விடும் ஒருவர் என்னிடமே முறையிட்டார். பஜனைக் குழு இரண்டாக உடைந்தது. ஒரு பக்கம் அவர், மறுபக்கம் மீதிப் பேர்.

மூன்றாவது, நினைப்பது. மறந்துவிடாமலிருக்க, ஒவ்வொரு கியருக்கும் ஓர் ‘அம்மா’ சொல்லிப் பாடம் நடத்தினார். “கிளச்ச அமுக்கு, அம்மா, ரெண்டுல போடு, அம்மா.” இதுவும் சாலை விதி என்று நினைத்த ஒரு சீனப் பெண், டெஸ்டில் கியர் மாற்றும்போதெல்லாம் பயபக்தியோடு ‘அம்மா’ என்றிருக்கிறாள். அதிகாரி பாஸ் போட்டுவிட்டார்.

நான்காவதில் கோயிலைக் கூட்டினார், கழுவினார், செருப்புகளைக்கூட ஜோடி ஜோடியாக பார்க்கிங் செய்தார். ஆனால் கும்பிட மட்டும் மாட்டார். சரோஜா அக்காவுக்கு அதுதான் அவமானம்.

“ஏங்க, எல்லாரும் பாக்குறாங்க. சும்மாவாச்சும் கையத் தூக்குங்க.”

“சும்மா தூக்குனா அது கும்பிடு இல்ல சரோ, எக்சசைஸ்.”

அப்போதுதான் அக்காவின் இதயத்தில் ஒரு வால்வு மக்கர் செய்தது. ஆபரேஷன் என்றார்கள். அக்காவை முதல் நாளே பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தாயிற்று. காலையில் அண்ணன் என் வீட்டு வாசலில் சாவியோடு நின்றார். “இன்னைக்கு நான் ஓட்டுனா சரி வராது தம்பி. நீ ஓட்டு.”

அவர் பக்கத்திலிருக்க நான் ஓட்டினேன். சந்திப்பில் மஞ்சள் விளக்கில் பறந்தேன். அவர் வாயைத் திறக்கவில்லை. அப்போதுதான் எனக்குப் பயம் வந்தது.

கோயில் வளைவு வந்ததும் கார் தானாக நின்றது. அவர் தன் பக்கத்து பிரேக்கை அமுக்கியிருந்தார். இறங்கினார், நடந்தார், வாசல் ஜல்லிக் கற்கள் மேலேயே நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார்.

“ஆத்தா, என்னைக் கட்டிக்கிட்டு அவ பட்டது போதும். என்னை எடுத்துக்க. முழுசா எடுத்துக்க. அவள விட்டுடு.”

வாளியோடு நின்ற பூசாரி என் காதில் கிசுகிசுத்தார்: “தம்பி, இது கடைசிப் பாடமாச்சே!”

அம்மன் இருவரையும் விட்டுவைத்தாள். அக்கா கண் விழித்துப் பேசத் தொடங்கியதும் அண்ணன் சம்மன் வாங்கியவர் மாதிரி கட்டிலருகே நின்றார்.

“சரோ, நான் சிவப்பு விளக்குல போயிட்டேன்.”

“ஐயோ, யாரையும் இடிச்சிட்டீங்களா?”

“அம்மன் முன்னால விழுந்துட்டேன்.”

“நல்லதுதானே?”

“நாலாவதுலேர்ந்து நேரா கடைசிக்குப் போயிட்டேன்லா! பயத்துல ஓட்டுனதெல்லாம் டிரைவிங்கா? லைசன்ச நானே ரத்து பண்ணிட்டேன். மறுபடியும் ஒண்ணாவதுலேர்ந்து.”

அக்கா விரல்விட்டு எண்ணிப் பார்த்தார். “அப்ப ரெண்டாவதும் வருமா?”

“வரும்.”

“பாடுவீங்களா?”

“பாடணும்லா.”

அக்கா நர்ஸைக் கூப்பிட்டார். “மிஸ்ஸி, என்னைத் திரும்ப மயக்கத்துல போட்டுடுங்க.”

ஆக, போன வெள்ளிக்கிழமை. ஆபரேஷனுக்குப் பிறகு அக்கா கோயிலுக்கு வந்த முதல் நாள். மணி அடித்தது, திரை விலகியது, பூசாரி தட்டோடு வந்து நின்றார். அண்ணன் தன் ஆறாவது பாடத்தையும் ஹைவேயையும் சொல்லி முடித்துவிட்டு, அக்கா பக்கம் திரும்பினார்.

அக்காவின் கைகள் நெஞ்சருகே கூப்பியபடி நின்றுவிட்டிருந்தன. தையல் ஆறும்வரை அதற்கு மேல் தூக்கக்கூடாது என்று டாக்டர் உத்தரவு. கண்கள் மட்டும் சுடரைப் பார்த்து, எட்டாமல் தவித்தன.

“அவதான் ஓட்டுறா. நான் பக்கத்து சீட்டுல இருக்கேன், அவ்வளவுதான்” என்று பூசாரியிடம் கறாராகச் சொல்லிவிட்டு, லைசன்ஸ் அண்ணன் தன் இரண்டு கைகளையும் தலைக்கு மேலே தூக்கிக் கூப்பினார். கற்பூரம் அணைந்த பிறகும், அக்கா “போதுங்க” என்று சொல்லும்வரை, அவர் அவற்றை இறக்கவே இல்லை.