தடைக்கு மணல்மூட்டை வைத்த மேதை

ஏழு வருஷமாக ஒரு எரிச்சலை நெஞ்சில் வைத்துக்கொண்டு திரிகிறேன். ஒரு ஆள்மேல் அல்ல, ஒரு இனத்தின்மேல். ‘எனக்குத் தெரியாதா’ ஆசாமிகள் என்று அதற்குப் பெயர். துபாயில் ஈச்சமரத்தைவிட இவர்கள்தான் அதிகம். உங்கள் ரூமிலும் ஒருவர் இருப்பார், பாருங்கள். கட்டிலில் மல்லாந்தபடியே பிரியாணிக்குத் தண்ணீர் அளவு, ஏசி மெக்கானிக் செய்த பிழை, விசா சட்டம், அடுத்த உலகப்போர் எல்லாவற்றுக்கும் தீர்ப்பு சொல்வார். அவர் சட்டைக்குப் பித்தான் மட்டும் வேறு யாராவது தைக்கவேண்டும். எப்படித் தெரியும் என்று கேட்டால், “பத்து வருஷ கல்ஃப் சர்வீஸ்” என்பார். பத்து வருஷம் வெயிலில் கிடந்தால் கல்லும்தான் சூடாகும். அறிவு வந்துவிடுமா?

எங்கள் அல் கூஸ் தொழிலாளர் கேம்பில் இந்த இனத்துக்குத் தலைவர் சூப்பர்வைசர் விஜயபாஸ்கர். ஓட்டப்பந்தயம் ஒன்றுக்குக் கூடாரமும் நாற்காலியும் போடும் வேலை எங்கள் கம்பெனிக்கு வந்தது. கூடவே, பெண்கள் தாண்டி ஓடும் தடைகளைப் பயிற்சி மைதானத்தில் வரிசையாக வைக்கவேண்டும்.

போட்டிக்கு முந்தின நாள் பயிற்சிக்கு வந்தாள் டெல்ரீன். கரீபியன் தீவுக்காரி. மூன்று ஒலிம்பிக் ஓடியவள், இருபது தேசத்தில் கொடி பிடித்தவள், வயது முப்பத்துநாலு. நாலாவது ஒலிம்பிக்குக்குத் தகுதி பெற அவளுக்கு மிச்சம் இருந்தது மறுநாள் ஓட்டம் ஒன்றுதான். மைதான ஆபீஸில் வேலை பார்த்த கீழக்கரை ராஜிக் பாய்தான் இதையெல்லாம் எங்களுக்குச் சொன்னார்.

காற்றடித்தது. இரண்டு தடைகள் சாய்ந்தன. மேதை விஜயபாஸ்கர் எழுந்துவிட்டார்.

“உடையப்பண்ணே, ஒவ்வொண்ணு கால்லயும் மணல்மூட்டை வை. சைட்ல பேரிகேடுக்கு வைப்போம்ல, அப்படி.”

“சார், தட்டினாலே சாயுற மாதிரிதான் செஞ்சிருக்கான். இடிச்சா விழணுமோ என்னமோ?”

“அதுக்குப் பேரு லூசு ஃபிட்டிங்ணே! ஆயிரம் பேரிகேடு நட்டவன் நான். எனக்குத் தெரியாதா? யல்லா, சீக்கிரம் வை.”

வைத்தேன். மூட்டை வெளியே தெரிந்தால் அசிங்கமாம். கலர் துணி சுற்றி மறைக்கச் சொன்னார். சுற்றினேன்.

டெல்ரீன் ஓடினாள். ஒன்று, இரண்டு, மூன்று. குனிந்து நிமிர்வதுபோல அத்தனை சுலபமாகத் தாண்டினாள். நாலாவதில் முழங்கால் உரசியது. தடை அசையவில்லை. அவள்தான் விழுந்தாள்.

ராஜிக் பாய் தலையில் அடித்துக்கொண்டு ஓடிவந்தார். “என்ன காரியம் பண்ணி வச்சிருக்கீங்க? விழுறதுக்குன்னே செஞ்ச சாமானுல்ல இது!”

“இடிச்சது அவ தப்பு பாய். ஸ்டெப்பே சரியில்ல, நான் அப்பவே பார்த்தேன். இந்த வயசுல எதுக்கு ஓடணுங்கறேன்?” சொல்லிக்கொண்டே மூட்டைகளைக் காலால் ஓரமாகத் தள்ளினார் எங்கள் மேதை.

மறுநாள் அவள் ஓடவில்லை. அதற்குப் பிறகும் ஓடவில்லை. கேம்பில் ஒரு மாதம் அவர் தந்த சொற்பொழிவு: ‘கரீபியன் பெண்கள் செய்யும் தவறுகள்.’

சிரிக்கிறீர்களா? ‘எனக்குத் தெரியாது’ என்று நீங்கள் கடைசியாகச் சொன்னது என்றைக்கு? ஞாபகம் வரவில்லையா? அப்படியென்றால் உங்களுக்கும் ஒரு கட்டில் அங்கே காலியாக இருக்கிறது. தெரிந்தும் மூட்டை தூக்கியவன் யோக்கியனா என்று நீங்கள் என்னைக் கேட்கலாம். கேளுங்கள். துணி சுற்றி மறைத்தவனும் நான்தான்.

விஜயபாஸ்கர் ஊருக்கே போய்விட்டார். அரியலூரில் பெண்பிள்ளைகளுக்கு ஓட்டப்பயிற்சிப் பள்ளி வைத்திருக்கிறார். போன வாரம் போன் வந்தது.

“உடையப்பண்ணே, நாகவள்ளின்னு ஒரு அம்மா உனக்குப் போன் பண்ணும். மகளை நம்மகிட்ட சேர்க்கணுமாம். டெல்ரீனைப் பழக்கினது நாந்தானான்னு கேக்கும். ஆமான்னு மட்டும் சொல்லிடு.”