மவுஸைப் பூட்டி வைத்த கீபோர்டு பாய்

மவுஸைக் கண்டுபிடித்த மகான் மட்டும் சிட்லபாக்கம் பக்கம் வந்திருந்தால், கீபோர்டு பாய் அவரைத் தாம்பரம் ஸ்டேஷன் வரை விரட்டியிருப்பார். ஏரிக்குப் பக்கத்தில் ஒரு வீட்டு மாடியில் இருந்த எங்கள் குட்டி சாஃப்ட்வேர் கம்பெனியில், நாங்கள் எழுதும் புரோகிராம்களில் தப்பு பிடிப்பது பாயின் வேலை. என்னைவிட நாலு வயது சின்னவர். ஆனாலும் அவர் என் சீட் பக்கம் வந்தாலே நான் ஸ்கிரீனை மறைத்துக்கொண்டு உட்காருவேன்.

காரணம் இருந்தது. இரண்டாயிரத்து நாலு வாக்கில் அது எனக்கு மூன்றாவது வேலை. வீட்டில் மனைவி மாசமாக இருந்தாள். ஒரு இன்சூரன்ஸ் ஆபீஸுக்காக நான் செய்த விண்ணப்பப் பக்கம் அவர்களுக்குப் பிடித்தால் வேலை நிரந்தரம், இல்லாவிட்டால் நடையைக் கட்டு என்று முதலாளி சொல்லியிருந்தார்.

அந்த விண்ணப்பப் பக்கத்தில் இருந்த மாவட்டப் பட்டியல்தான் என் பெருமை. கிளிக் செய்தால் விரியும், மவுஸ் மேலே போனால் நீலமாகும். பாய் வந்தார். மவுஸைப் பிடுங்கித் தன் டிராயரில் வைத்துப் பூட்டினார். கீழ் அம்புக்குறியைத் தட்டினார். பட்டியல் கல்லாக நின்றது.

"இன்னா அண்ணா, அசைய மாட்டுது?"

"கிளிக் பண்ணணும் பாய். இதப் போய் யாரு கீபோர்டுல பண்ணுவாங்க?"

"அந்த ஆபீஸ்ல ஃபாரம் ஏத்துற அக்கா பண்ணும். மவுஸ் வெக்கிற எடத்துல டிபன் பாக்ஸ வெச்சினு கீது. போன சனிக்கெழம லீவு போட்டுப் போய்ப் பாத்தேன்."

லீவு போட்டுவிட்டு வாடிக்கையாளரின் டிபன் பாக்ஸைப் பார்க்கப் போன மனிதரை நான் வேறெங்கும் கண்டதில்லை.

ரோஷத்தோடு அம்புக்குறிகளுக்கு உயிர் கொடுத்தேன். கையோடு, சேமிக்கும் பொத்தானில் என்டர் தட்டினால் சேமி என்றும் எழுதினேன். என்டரைப் பிரவுசர் தானாகவே ஒரு கிளிக்காகவும் எடுத்துக்கொள்ளும் என்பது என் புத்தியில் ஏறவில்லை. ஒரு தட்டுக்கு இரண்டு பதிவு விழுந்தது.

"அண்ணா, ஒரே ஆளுக்கு ரெண்டு பாலிசி போட்டுட்டீங்க. அந்தாளு ஒரு வாட்டிதானே சாவான்?"

மாடியே சிரித்தது. எனக்கு அழுகை வந்தது. பாய் சிரிக்கவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தவர், நான் திருத்தத் திருத்த நூறு முறையாவது என்டர் தட்டியிருப்பார்.

சோதனை நாளில் இன்சூரன்ஸ் ஆபீஸில் அந்த அக்கா கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தார். டிபன் பாக்ஸ் அதன் இடத்தில் இருந்தது. பெயரைத் தட்டினார், கீழ் அம்பு, சரியான மாவட்டம், என்டர். ஒரே ஒரு பதிவு. என் நீலப் பட்டியலை அவர் நிமிர்ந்தும் பார்க்கவில்லை.

"அடுத்த ஃபாரம் குடுங்க" என்றார்.

சந்தோஷத்தில் பாய் என் தொடையில் கிள்ளிய கிள்ளு இரண்டு நாள் வலித்தது.

என் வேலை நிரந்தரமான அன்று, பூட்டி வைத்திருந்த மவுஸை பாய் என் மேஜையில் வைத்தார். "இனிமே இது இல்லாமயே ஓட்டுவீங்க. அதான் குடுத்துட்டேன்."

அந்த மவுஸின் ஒயர் இன்று எந்தக் கம்ப்யூட்டரிலும் சேராது. என் டிராயரில் பத்திரமாக இருக்கிறது. எனக்கு அந்த மனிதரை அவ்வளவு பிடிக்கும்.