தட்டளவு விமானம்

நாலு மணிக்கு ஆர்டர் வாங்க வேண்டியவர், மூன்றேகாலுக்கு ஒரு விமானத்தை அடித்து வீழ்த்திவிட்டார். விமானம் என்றால் சாப்பாட்டுத் தட்டு அளவு. நாலு விசிறி, நடுவில் ஒரு கண். ஆயுதம், உண்டிவில்.

விமான நிலைய ஓடுபாதையில் பறவை விரட்டுவது அவர் வேலை. பத்தொன்பது வருஷம் வெயிலில் நின்று ‘ச்சூ, ச்சூ’ என்று கத்தியதில் சொந்தப் பெயர் போய் ‘ச்சூ’ அண்ணன் ஆகிவிட்டார். அத்தனை வருஷமும் தினக்கூலிதான். காக்கா விரட்டத் தெரிந்தவருக்குக் காக்கா பிடிக்கத் தெரியவில்லை, பாவம். காலையில் மேனேஜர் “நாலு மணிக்கு உங்க ஆர்டர் ரெடி” என்றதும், வேலை நிரந்தரமாகிவிட்டதென்று வீட்டுக்குப் போன் போட்டுச் சொல்லிவிட்டார்.

“இறங்குற ஃபிளைட்டுக்கு நேரா போச்சு சார். விட்டிருந்தா இருநூறு உயிர்!” என்று உடைந்த ட்ரோனை மேனேஜர் மேசையில் வைத்தார்.

மேனேஜர் முகம் வெளுத்தது. மூலையில் ஒரு காலிப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த சோடாபுட்டிக் கண்ணாடிக்காரர் பதறி எழுந்தார். மேனேஜர் கையமர்த்தியதும் உட்கார்ந்துவிட்டார்.

பாதுகாப்பு அதிகாரி சட்டப் புத்தகத்தோடு வந்தார். “விமானத்தை அழிச்சா பத்து வருஷம் உள்ள. ‘பறக்கும் எந்த இயந்திரமும்’னு போட்டிருக்கு.”

“சார், என் பேரன் பொம்மை இதைவிடப் பெருசு!”

“அளவு போடலையே.”

“அப்ப சீலிங் ஃபேன் கழண்டு பறந்தா அதுவும் விமானமா?”

“பறக்கட்டும், பாக்கலாம்.”

மேனேஜர் குறுக்கிட்டார். “பாவம், பழைய ஆளு. ட்ரோன்னு எழுதவேணாம். பறவைன்னு எழுதிடலாம்.”

ச்சூ அண்ணனுக்குக் கண் கலங்கியது. தனக்காக ஒருத்தர் பரிந்து பேசி அவர் கேட்டதே இல்லை. மேனேஜர் எழுதி நீட்டிய அறிக்கையைப் படிக்காமலே கையெழுத்துப் போட்டார்.

அதிகாரி படித்தார். “பறவையை அடிச்சுக் கொன்னீங்களா? விரட்டத்தானே அனுமதி? கொன்னா அன்னிக்கே சீட்டுக் கிழியும்.”

“கொல்லல சார், மயக்கம் போட்டுடுச்சு!”

“எங்க, காட்டுங்க.”

“தெளிஞ்சு பறந்து போயிடுச்சு.”

“அப்ப மேசைல கெடக்குறது?”

ச்சூ அண்ணன் மேனேஜரைப் பார்த்தார். மேனேஜர் ஜன்னலைப் பார்த்தார்.

“பொய் அறிக்கை வேற,” என்று அதிகாரி குறித்துக்கொண்டார்.

போன் அடித்தது. மனைவி. “கையில வாங்கிட்டீங்களா?”

“வாங்கிக்கிட்டேதான் இருக்கேன்,” என்று வைத்தார். அதற்குமேல் அவருக்குப் பொறுக்கவில்லை.

“ட்ரோன்தான் சார். நான்தான் அடிச்சேன். உயிரைக் காப்பாத்தினதுக்கு ஜெயிலுன்னா போறேன். ஆனா அதைப் பறக்கவிட்டவன் எவன்? அவனை ஒரு வார்த்தை கேக்கமாட்டீங்களா?”

“அதெல்லாம் இப்ப எதுக்கு?” என்றார் மேனேஜர் அவசரமாக.

“கேக்கணுமே,” என்றார் அதிகாரி. “யாரோடது இது?”

கண்ணாடிக்காரர் காலிப் பெட்டியோடு எழுந்து மேனேஜரிடம் வந்தார்.

“இவரை இன்னியோட அனுப்பிட்டு நாளையிலேருந்து பறவை விரட்ட இதைத்தானே சார் வைக்கிறதா சொன்னீங்க, அடுத்த மெஷின் வர்ற வரைக்கும் இவரையே நிக்கச் சொல்லலாமா?”