எங்கள் பக்கத்து இரத்தம்

சேசு மரி சூசை

உப்புக்குளம், மன்னார்
12.06.2025

அன்புள்ள மச்சான் செபமாலை அவர்களுக்கு,

உமது காலஞ்சென்ற மனைவி அன்ரோனெற்றின் அண்ணன் கொன்ஸ்ரன்ரைன் எழுதிக்கொள்வது. ஆண்டவர் கிருபையால் உமக்கும் உமது மகளும் என் மருமகளுமான டினோஜாவுக்கும் ஒரு குறையும் இருக்கக் கூடாது. இங்கு நாங்கள் நலம் என்று எழுதத்தான் பேனையைத் திறந்தேன். என் மனைவி திரேசம்மா முழு நலம், நான் முக்கால் நலம். உங்கள் ஓலைத்தொடுவாய்க்கு ஓட்டோவில் அரை மணித்தியாலத்தில் வரக்கூடிய ஆள் தபாலில் வருகிறேனே என்று சிரிக்க வேண்டாம். பதினைந்து வருடம் மிதிக்காத வாசலுக்கு வர என் காலுக்கு வெட்கம்.

விஷயம் இதுதான். ஐஸ் கொம்பனியில் மெஷின் பார்த்து ஓய்வுபெற்ற எனக்கு ஆறு மாதமாகச் சலம் சரியாகப் போகவில்லை. திரேசம்மாவுக்குச் சொல்ல வெட்கப்பட்டு இடுப்பில் நாரிப்பிடிப்பு என்றேன். அவள் இரண்டு கிழமை நாரிக்கு நல்லெண்ணெய் தேய்த்தாள், நாரி மினுங்கியது, சலம் அப்படியே நின்றது. ஆஸ்பத்திரியில் இரத்தம் பார்த்தால் ஏதோ அளவு கூடிவிட்டதாம். யாழ்ப்பாணத்துக்கு அனுப்பி, படம் பிடித்து, பின்பக்கத்தால் ஊசி விட்டு, சிறுநீர்ப்பைக்குக் கீழே ஆண்களுக்கு மட்டும் உள்ள சுரப்பியில் பன்னிரண்டு துண்டு எடுத்தார்கள். அதற்கடுத்த ஞாயிறு கோயில் வாங்கில் இருக்க முடியாமல் பூசை முழுக்க முழந்தாளில் நின்றேன், சுவாமியார் என் பக்தியைப் பிரசங்கத்தில் மெச்சிப் பங்குச் சபைக்கும் பெயர் போட்டுவிட்டார். விஷயம் தெரிந்த ஒரே ஆள், என்னை ஏற்றியிறக்கிய ஓட்டோக்கார முஹைதீன், ஒருவரிடமும் மூச்சு விடவில்லை. என்னைக் கண்டால் கண்ணைத் துடைப்பான், அவ்வளவுதான். அதைப் பார்த்த சனம் நான் அவனை ஏசிவிட்டேன் என்று சமாதானம் பேச வந்தது.

மச்சான், பன்னிரண்டில் ஒரு துண்டில் புற்றுநோய். டொக்டர் எங்கள் டினோஜாவை விடக் கொஞ்சம் மூத்த பிள்ளை. அவளுக்கு முன்னால் இந்த இடத்து வருத்தத்தைக் கதைக்க நான் பட்ட பாடு வேறு.

"ஐயா, இது ஆபத்துக் குறைஞ்சது. இப்ப வெட்டத் தேவையில்லை. ஆறு மாசத்துக்கு ஒருக்கா இரத்தம் பாப்பம், ஒரு வருசத்தில திரும்பத் துண்டு எடுப்பம். மாறினாத்தான் வைத்தியம்."

"பிள்ளை, நான் மெஷின் பாத்தவன். சத்தம் மாறினா உடன கழட்டுறனான்."

"கழட்டினாச் சலம் கட்டுப்படாமலும் போகலாம் ஐயா. இது மெதுவா வளருறது. கவனமாப் பாத்துக்கொண்டிருக்கிறதும் வைத்தியம்தான்."

சரியென்று தலையாட்டினேன். எழும்புகிற நேரம் கேட்டாள், "குடும்பத்தில வேற ஆருக்கும் புற்றுநோய் இருந்ததோ? பெண்களுக்கு?"

"தங்கச்சிக்கு மார்பில. முப்பத்தெட்டு வயசில செத்துப்போனாள். அம்மாவின்ர தங்கச்சிக்கும் அதுதான்."

அவள் பேனையைக் கீழே வைத்தாள். தாய் தகப்பன் வழியாக வருகிற ஒரு மரபணுக் கோளாறு இருக்கிறதாம். பெண்களுக்கு மார்பிலும் ஆண்களுக்கு எனக்கு வந்த இடத்திலும் அது நோயைக் கொண்டுவரலாமாம். என் இரத்தத்தைச் சோதித்து அது இருந்தால், என்னை இன்னும் கிட்ட நின்று பார்க்க வேண்டுமாம். அன்ரோனெற்றின் பிள்ளைக்கும் சொல்ல வேண்டுமாம்.

அன்ரோனெற்றை அடக்கிய நாள்தான் எனக்கு நினைவுக்கு வந்தது. சேமக்காலையில், பெட்டியை இறக்க முன்னம், ஊருக்கு முன்னால் உமது சேட்டுக் கொலரைப் பிடித்து, "நீதான்ரா என்ர தங்கச்சியைச் சாகவிட்டனி" என்று கத்தினேனே. டினோஜா உமது கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள், பதினொரு வயது. தங்கச்சி மார்பில் கட்டியென்று சொன்ன மறுநாளே நீர் தொழிலை விட்டு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனது எனக்குத் தெரியும் மச்சான். தெரிந்துகொண்டுதான் கத்தினேன். ஆரையாவது பிடிக்க வேண்டியிருந்தது. இப்போது பார்த்தால் அது எங்கள் அம்மா பக்கத்து இரத்தத்தில் வந்ததோ என்னவோ. என்னை மன்னித்துக்கொள்ளும்.

கண்காணிப்புக்குச் சம்மதம் சொல்லிவிட்டேன். மரபணுச் சோதனை வேண்டாம் என்று முடிவெடுத்திருக்கிறேன். டினோஜாவுக்குக் கலியாணம் பேசுகிறீர்களாம். இரத்தம் பிழை என்று ஒரு கடதாசி வந்தால் எந்த வீடு பெண்ணெடுக்கும்? திரேசம்மாவுக்கும் ஒன்றும் தெரியாது. ஆகவே வாசித்ததும் இதைக் கிழித்துவிடும்.

மடு மாதா உங்கள் இருவரையும் தன் சேலைத் தலைப்புக்குள் வைத்திருக்கட்டும். மருமகளுக்கு என் முத்தம்.

இப்படிக்கு,
உமது மச்சான்
கொன்ஸ்ரன்ரைன்

பி.கு.: நேற்று நான் முத்திரை தேடப் போன நேரம் திரேசம்மா இதை எடுத்து வாசித்துவிட்டாள். முதலில் வீணாய்ப்போன எண்ணெய்க்கு ஏசினாள், பிறகு அழுதாள், பிறகு "கலியாணம் குழம்புமெண்டு பிள்ளையைச் சாகக் குடுப்பியளோ? வெளிக்கிடுங்கோ" என்றாள். இன்று காலை இரத்தம் கொடுத்தாயிற்று. முடிவு வர ஒரு மாதத்துக்கு மேல் செல்லுமாம். வீட்டுக்கு வந்ததும் அவள் உமக்கு ரெலிபோன் எடுத்து எல்லாவற்றையும் சொல்லி, என் கையில் தந்தாள். நான் வாயெடுக்க முன்னம் நீர் சொன்னது காதை விட்டுப் போகவில்லை: "மச்சான், நீங்கள் அண்டைக்குச் சொன்னதை நான் உண்மையெண்டுதான் இவ்வளவு காலமும் நினைச்சனான். பிள்ளையும் அப்பிடித்தான் நினைக்கிறாள்." எனவே கிழிக்க வேண்டாம். டினோஜாவின் கையில் கொடும். அவளுடைய அப்பா அவளுடைய அம்மாவை ஒரு நாள்கூடப் பிந்தாமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனவர். மாமன் சொல்கிறேன், கையெழுத்தும் போட்டிருக்கிறேன்.