பிளக் இல்லாத சீர் வண்டி

"பிளக்கு ஒண்ணுகூட இல்லண்ணே" என்று சொல்லிக்கொண்டே எஞ்சினுக்குள்ளிருந்து தலையை எடுத்தான் நாகராஜன்.

சிவப்பிரகாசம் வண்டிக்கு அடியில் குனிந்து பார்த்தார். "நல்லாப் பாருப்பா. அடியில கிடியில விழுந்து கெடக்கப்போவுது."

"எட்டு வருசமா கடலூர் ரோட்டுல பஸ் ஓட்டறவன் நானு. பிளக்கு எங்க இருக்கும்னு எனக்குத் தெரியாதா? இருக்க வேண்டிய நாலும் இல்ல. கழட்டி வச்சிக்கினு வெறும் வண்டிய உங்க தலையில கட்டிட்டானுங்க."

சிவப்பிரகாசம் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். நேற்றிலிருந்து இது எத்தனையாவது சுற்று என்று அவருக்கே தெரியாது. உட்காரவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. நடந்தால்தான் கொஞ்சம் மூச்சு வந்தது.

வண்டி என்னவோ பார்க்க லட்சணமாகத்தான் இருந்தது. முன்னால் இரண்டு பேர் உட்காரலாம். பின்னால் மூட்டை ஏற்றத் திறந்த தொட்டி. உடம்பு முழுக்கப் பளபளவென்று நீலச் சாயம். புதுச்சேரித் தரகர் ஒருவர், யாரோ ஒரு பிரெஞ்சுக்கார முசே பிரான்சுக்கு அவசரமாகக் கிளம்புகிறார், அவர் கைபடாமல் வைத்திருந்த வண்டி என்று சொல்லி விற்றார். கைபடவில்லை என்பது உண்மையாகத்தான் இருக்க வேண்டும். பாகூரில் அவர் வீட்டுக்கு வந்து சேர்ந்த நாளிலிருந்து அது நாலு அடி ஓடும், புகை கக்கும், நின்றுவிடும்.

சும்மா ஆசைக்கு வாங்கியிருந்தால் போகட்டும் என்று விட்டிருப்பார். இது மகள் அம்சவள்ளிக்குப் போட வேண்டிய சீர். மாப்பிள்ளை ராமு, மண்ணாடிப்பட்டில் கரும்புக் கொல்லை வைத்திருக்கும் தங்கவேலின் மகன். தட்டு மாற்றிய அன்றே தங்கவேல் தொண்டையைச் செருமிக்கொண்டு சொல்லிவிட்டார்.

"நகைநட்டு உங்க இஸ்டம் சம்பந்தி. கரும்பு ஏத்த ஒரு மோட்டார் வண்டி மட்டும் சீரா வந்துடணும். வெள்ளிக்கெழம வெளக்கு வைக்கறதுக்குள்ள, சொந்தக் கால்ல ஓடியாந்து எங்க வாசல்ல நிக்கணும். ஓடாத வண்டியக் கொண்டாந்தீங்கன்னா அதே வண்டியில ஏறித் திரும்பிப் போயிடுங்க. ஞாயித்துக்கெழம முகூர்த்தம் கெடையாது."

ஓடாத வண்டியில் ஏறி எப்படித் திரும்பிப் போவது என்று கேட்க சிவப்பிரகாசத்துக்கு அப்போது தோன்றவில்லை. அம்சவள்ளி இதற்கு முன்னால் வந்த மூன்று வரன்களுக்கும் தலைவலி என்று சொல்லிப் படுத்துக்கொண்டவள். இந்த ராமுவைப் பார்த்துத்தான் வாயைத் திறந்து "சரிப்பா" என்றாள். அந்தச் சொல்லுக்காக ஏரிக்கரைப் பக்கத்து நிலத்தை விற்று மனிதர் வண்டி வாங்கினார். இன்று புதன்கிழமை.

நாகராஜன் சும்மா இருக்கவில்லை. கிருமாம்பாக்கத்தில் நின்றிருந்த தன் பஸ்ஸிலிருந்து நாலு பிளக்கையும் கழற்றி மடியில் கட்டிக்கொண்டு வந்தான். அன்றைக்குக் கடலூர் போகக் காத்திருந்த ஜனங்கள் அவனை என்ன திட்டினார்கள் என்பது வேறு கதை. எஞ்சினின் மேலே போன குழாய்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கி, அந்த ஓட்டைகளில் பிளக்கைத் திருகிப் பார்த்தான். பிளக் உள்ளே போகவில்லை. நூலைச் சுற்றித் திருகினான், அப்போதும் போகவில்லை. கடைசியில் குழாய்களைப் பழையபடி மாட்டிவிட்டு முன்னால் வந்து கைப்பிடியைச் சுற்றினான். வண்டி ஒரு முனகல்கூட முனகவில்லை.

சிவப்பிரகாசத்தின் மனைவி தையலம்மாள் முறத்தோடு வாசலுக்கு வந்தாள். "காத்தால பொகையாவது வந்துக்கினு இருந்திச்சி. அதுவும் போச்சா?"

"ஏய், நீ உள்ள போடி. மனுசன் இங்க நொந்து கெடக்கறான்."

"போறேன். அதுக்கு முன்னால ஒண்ணு கேக்கறேன். இது மேல அடிக்கிற நாத்தமும் நம்ப ரைஸ் மில்லு எஞ்சினு நாத்தமும் ஒண்ணாத்தான இருக்குது? மில்லுக்காரர இட்டாந்து காட்டினா இன்னா?"

நாகராஜனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நெல் அரைக்கிற எஞ்சினுக்கும் ரோட்டில் ஓடுகிற வண்டிக்கும் என்ன சம்பந்தம் என்று அவன் விளக்கிக்கொண்டிருக்கும்போதே, சிவப்பிரகாசம் செருப்புகூடப் போடாமல் மில்லுக்கு ஓடிவிட்டார்.

மில் எஞ்சினைப் பார்த்துக்கொள்ளும் சின்னப்பிள்ளை வந்தார். எண்ணெய்த் தொட்டியைத் திறந்து மோந்து பார்த்தார்.

"இது குரூடாயில் வண்டிப்பா. டீசல்னு சொல்லுவாங்க. இதுக்கு ஏது பிளக்கு? பொறக்கும்போதே கெடையாது."

நாகராஜன் பஸ் பிளக்குகளை மெதுவாக மடியில் போட்டுக்கொண்டான்.

"கொழாயப் புடுங்கினது ஆரு?" என்று கேட்டார் சின்னப்பிள்ளை. தையலம்மாள் நாகராஜனைப் பார்த்தாள். "காத்து பூந்துடுச்சி. காத்து பூந்தா எண்ணெ ஏறாது."

காற்றை வெளியேற்றினார். அத்தோடு விட்டிருக்கலாம். ஆனால் அவருக்குத் தெரிந்தது மில் எஞ்சின் ஒன்றுதான். அதைத் தினமும் காலையில் மண்டையில் நெருப்புக் காட்டிச் சூடேற்றித்தான் கிளப்புவார்கள். ஆகவே இதற்கும் அடியில் எருமுட்டை அடுக்கிக் கொளுத்தச் சொன்னார். கொஞ்ச நேரத்தில் நீலச் சாயம் அப்பளம் மாதிரி கொப்பளித்து உரிந்தது. உள்ளே பச்சை தெரிந்தது. சிவப்பிரகாசம் கண்ணை மூடிக்கொண்டார். அவர் திறப்பதற்குள் எஞ்சின் தடதடவென்று கிளம்பிவிட்டது.

"ஓடுது" என்றார் சிவப்பிரகாசம். அழுதுவிடுவார் போலிருந்தது.

"ஓடும். ஆனா நிறுத்தாதீங்க" என்றார் சின்னப்பிள்ளை. "நிறுத்தினா மறுபடியும் நெருப்பு போடணும். அரவை நேரத்துல எங்க மில்லு எஞ்சின நாங்க நிறுத்தறதே கெடையாது."

வெள்ளிக்கிழமை விடியும்போதே நெருப்பு மூட்டிக் கிளப்பினார்கள். அண்டா, குத்துவிளக்கு, வாழைத்தார், முறுக்குக் கூடை எல்லாம் பின்தொட்டியில் ஏறின. அவற்றுக்கு நடுவில் தையலம்மாள் பட்டுப்புடவையோடு உட்கார்ந்தாள். பெண்ணும் சொந்தக்காரர்களும் மறுநாள் மாட்டுவண்டியில் வருவதாக ஏற்பாடு. அம்சவள்ளி வாசல்வரை வந்து, "அப்பா, போய்ச் சேந்துடுவ இல்ல?" என்று கேட்டாள். அவள் வண்டியைப் பற்றிக் கேட்கவில்லை என்பது அவருக்குத் தெரியும்.

"சேந்துடுவேம்மா" என்றார்.

நம் பக்கத்துச் சாலைகள் அந்தக் காலத்தில் எப்படி என்றால், கொஞ்ச தூரம் பிரெஞ்சுக்காரன் மண், கொஞ்ச தூரம் இங்கிலீஷ்காரன் மண், மறுபடியும் பிரெஞ்சுக்காரன் மண். நடுவில் சுங்கச் சாவடி. வண்டி அந்தச் சாவடிக் கட்டையைத் தாண்டிக்கொண்டிருக்கும்போது சேவகன் ஒருவன் கையைக் காட்டினான்.

"எஞ்சின நிறுத்து."

"நிறுத்தக் கூடாதுங்க, மில்லுக்காரர் சொல்லியிருக்காரு" என்றார் சிவப்பிரகாசம்.

"எந்த மில்லுக்காரன்? இன்னா கிண்டலா?"

நாகராஜன் பயத்தில் எதையோ மிதித்தான். எஞ்சின் நின்றுவிட்டது. சேவகன் முன்னாலும் பின்னாலும் போய்ப் பார்த்தான்.

"முன்சக்கரம் எங்க சீமையில இருக்குது, பின்சக்கரம் உங்க சீமையில இருக்குது. பாதி வண்டிய நான் எப்படிச் சோதன போடறது? வந்தா முழுசா வா, இல்லன்னா முழுசாப் போ."

சிவப்பிரகாசமும் நாகராஜனும் தள்ளினார்கள். தையலம்மாள் இறங்கி, புடவையைச் செருகிக்கொண்டு அவளும் தள்ளினாள். முழு வண்டியும் இங்கிலீஷ்காரன் சீமைக்குள் வந்ததும் சேவகன் முறுக்கை எண்ணிப் பார்த்தான், நாலைந்தைத் தின்றும் பார்த்தான். எண்ணெய்த் தொட்டிக்குள் பிராந்திப் புட்டி ஒளித்திருப்பார்களோ என்று சந்தேகம் வந்துவிட்டது. மூங்கில் கழியை விட்டு அடிவரை நன்றாகக் கலக்கினான். தொட்டியின் அடியில் வருஷக்கணக்காகப் படிந்து கிடந்த கசடெல்லாம் குழம்பாக மேலே வந்தது.

"ஒண்ணுமில்ல, போ" என்றான்.

போக வேண்டுமே. சூடேற்ற எருமுட்டை இல்லை. முறுக்கையெல்லாம் தையலம்மாள் முந்தானையில் கொட்டிக்கொள்ள, கூடையைக் கொளுத்தினார்கள். வண்டி கிளம்பியது. ஆனால் கலங்கின எண்ணெய் குழாயை அடைத்துக்கொண்டது. சமதரையில் இருமியது, மேட்டைக் கண்டால் படுத்தது. வில்லியனூர் ஆற்றுப்பாலத்து ஏற்றத்தில் மூன்று தடவை பாதி ஏறி, மூன்று தடவையும் பின்னால் உருண்டு வந்தது. வெயில் மேற்கே சாய்ந்துகொண்டிருந்தது. சிவப்பிரகாசம் ரோட்டில் இறங்கி மேலும் கீழும் நடந்தார். ஞாயிற்றுக்கிழமை மேளக்காரனைத் திருப்பி அனுப்புவதும், அம்சவள்ளி சுவரைப் பார்த்துப் படுத்திருப்பதும் கண்ணுக்கு முன்னால் வந்து வந்து போயின.

தையலம்மாள் மேலேயிருந்து எட்டிப் பார்த்தாள். "நாகராஜா, எண்ணெத் தொட்டி எங்கப்பா இருக்குது?"

"சீட்டுக்கு அடியில."

"எஞ்சினு முன்னால. மேடு ஏறும்போது எஞ்சினு ஒசந்துபோவுது, எண்ணெ கீழ நின்னுபோவுது. எண்ணெச் சட்டிய ஒசத்திப் புடிச்சாத்தான ஊத்தும்? வண்டியத் திருப்பிப் பின்னாலயே ஏத்து."

இரண்டு ஆண்களும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். வண்டியைத் திருப்பிப் பின்பக்கமாக விட்டான் நாகராஜன். அது ஒரு மூச்சில் பாலமேறியது. ஏறின பிறகு மறுபடியும் நேராகத் திருப்பினால் நின்றுபோகப் பார்த்தது. இனிமேல் எதையும் திருத்தப்போவதில்லை என்று சிவப்பிரகாசம் கையெடுத்துக் கும்பிட்டுச் சொல்லிவிட்டார். மிச்ச தூரம் முழுக்கப் பின்பக்கமாகவே போனார்கள். நாகராஜனின் கழுத்து திரும்பினபடியே பிடித்துக்கொண்டது. தையலம்மாள்தான் வழி பார்த்தாள்.

"சோத்தாங்கை பக்கம் ஒடி. இன்னும் கொஞ்சம். எதிர்ல மாடு வருது, நெதானம்."

விளக்கு வைக்க இன்னும் சற்று நேரம் இருக்கும்போது வண்டி மண்ணாடிப்பட்டு மேட்டுத் தெருவில் பின்புறமாக ஏறித் தங்கவேல் வாசலுக்கு வந்து, ஒரு குலுக்குக் குலுக்கி நின்றது. ஆரத்தித் தட்டோடு நின்ற பெண்களுக்கு எந்தப் பக்கத்துக்குச் சுற்றுவது என்று தெரியவில்லை.

தங்கவேல் பட்டு வேட்டியோடு வெளியே வந்தார். "இன்னா சம்பந்தி, பின்னால வருது?"

"மொகூர்த்த வண்டி பாருங்க. கண்ணு பட்டுடக் கூடாதுன்னுதான்."

"சரி, ஓட்டிக் காட்டுங்க. சனங்க பாக்கட்டும்."

நாகராஜன் கைப்பிடியைச் சுற்றினான். இன்னும் சுற்றினான். கழுத்தும் திரும்பவில்லை, எஞ்சினும் திரும்பவில்லை. வாசலில் கூடியிருந்தவர்கள் குசுகுசுவென்று பேசத் தொடங்கினார்கள். சிவப்பிரகாசத்துக்கு அதற்கு மேல் தாங்கவில்லை.

"சம்பந்தி, மறைக்க மாட்டேன். வாங்கின நாளா இது எங்கள வாட்டி எடுக்குது. நாங்களும் பண்ணாத வைத்தியமில்ல. வேற வண்டி வாங்கித் தரேன், மிச்ச வயலயும் வித்தாவது தரேன். கல்யாணத்த மட்டும் நிறுத்திடாதீங்க. கொழந்த ஆசப்பட்டுட்டா."

தங்கவேல் துண்டை உதறித் தோளில் போட்டார். ஊரே கேட்கும்படி குரலை உயர்த்தினார்.

"வண்டி போவட்டும்யா. ஓடாதுன்னு தெரிஞ்சிக்கினே சாயத்தப் பூசி அடுத்தவன் தலையில கட்டற புத்தி இருக்குது பாரு, அதுதான் எனக்குப் புடிக்கல. அந்த மாதிரி குடும்பத்துல நான் எப்படிப் பொண்ணு எடுக்கறது?"

சிவப்பிரகாசம் தலையைக் குனிந்துகொண்டார். தையலம்மாள் முந்தானையில் முறுக்கோடு அப்படியே நின்றாள்.

அப்போது தங்கவேலின் மாட்டுக் கொட்டகையிலிருந்து இரண்டு செவலைக் காளைகள், யாரும் ஓட்டாமலே, அசை போட்டபடி வெளியே வந்தன. கூட்டத்தை விலக்கிக்கொண்டு வண்டியைச் சுற்றிப் போய், முன்பக்க இரும்புக் கட்டைக்கு எதிரே ஜோடியாக நின்று, நுகத்தடிக்குக் காட்டுவதுபோல் கழுத்தைத் தாழ்த்தின. பின்னாலேயே பண்ணையாள் நாகமுத்து வடக்கயிறும் கையுமாக ஓடிவந்தான். உரிந்த சாயத்துக்குள் தெரிந்த பச்சையைத் தடவிப் பார்த்துவிட்டு, தங்கவேலைப் பார்த்து அலுப்போடு கேட்டான்:

"இன்னாங்கய்யா, போன மாசந்தான நம்ப மாட்டக் கட்டிப் புதுச்சேரி வரைக்கும் இத இழுத்துக்கினு போயி அந்தத் தரகன்கிட்டத் தள்ளிட்டு வந்தோம், மறுபடியும் எதுக்குங்க வூட்டுக்கே வாங்கியாந்தீங்க?"