பிரிக்காத பொட்டலம்

சந்தேகம் எனக்குச் சர்க்கரை வியாதி மாதிரி. துறைமுகக் கிடங்கு வேலையில் பிடித்தது, ஓய்வு பெற்றும் விடவில்லை. முருகனைத் தவிர யாரையும் நம்பியதில்லை. (அவரையும் ஒருநாள் நம்பாமல் போனேன்.)

மகள் மீனா, கூட வேலை பார்க்கும் கார்த்திக்கைக் கட்டிக்கொள்கிறேன் என்றாள். சால்ட் லேக் ஆபீஸ், நல்ல சம்பளம். வீட்டுக்கு வந்தவனிடம் என்ன வேலை என்று கேட்டேன்.

"ஜனங்க பணத்தை எந்தெந்தப் பங்குல பிரிச்சுப் போடலாம்னு கணக்குப் போடறது மாமா. ஏறினா, விழுந்தா, பாதி விழுந்தான்னு ஆயிரம் விதமா கம்ப்யூட்டர்ல ஓட்டிப் பார்ப்போம்."

"கடைசியில எது ஏறும்?"

"அது தெரியாது மாமா. எவ்வளவு தெரியாதுங்கறதைத்தான் அளக்கறோம்."

தெரியாததற்குச் சம்பளமா! சூதாட்டக்காரனுக்கா என் பெண்? பத்தாவது படித்த மூளை கொதித்தது. "முருகன் சன்னதியில பூக்கட்டிப் பார்ப்போம். வெள்ளை வந்தா கல்யாணம். சிவப்பு வந்தா இந்தப் பேச்சே கூடாது" என்றேன். மீனா அழுதாள். என் மனைவி கமலா வாயே திறக்காமல் நந்தியாவட்டையும் செம்பருத்தியும் வாங்கிவந்து, இலையில் இரண்டு பொட்டலம் கட்டினாள். (அவள் வாய் திறக்காததைத்தான் நான் சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.)

கார்த்திக்கையும் கூட்டிக்கொண்டு கோயிலுக்குப் போனோம். குருக்கள் ஒன்றை எடுத்துப் பிரித்தார். வெள்ளை.

"சரியா குலுக்கலை" என்று திரும்பக் கட்டிக் கொடுத்தேன். வெள்ளை. "இன்னொரு தடவை, மந்திரம் சொல்லி." அப்போதும் வெள்ளை. பின்னால் நின்ற கூட்டம் சிரித்தது.

"அப்பீல் மேல அப்பீல் போக இதென்ன அலிப்பூர் கோர்ட்டா ஓய்?" என்றார் குருக்கள்.

மீனாவுக்கு முகமெல்லாம் பல். கார்த்திக் மட்டும் புருவத்தைச் சுருக்கினான். "மாமா, எடுக்காத பொட்டலத்தையும் பிரிங்க."

"பேசாம இரு!" மீனா அவன் சட்டையை இழுத்தாள்.

"இல்ல மீனா. எப்பவும் ஒரே பதில் வந்தா, உள்ள என்ன போட்டாங்கன்னு பார்க்கணும். எங்க வேலையே அதுதான்."

பிரித்தேன். அதுவும் நந்தியாவட்டை.

எல்லோரும் கமலாவைப் பார்த்தோம். அவள் அசையவில்லை. "செம்பருத்தி அம்மன் பாதத்துல இருக்கு. என்ன வரும்னே தெரியாத விளையாட்டுல என் பொண்ணை வைப்பேனா?"

எனக்குக் காது வரை சுட்டது. ஆனால் தனக்குச் சாதகமான பதிலையே சந்தேகப்பட்டவனை நான் இன்னும் என்னவென்று சந்தேகப்படுவது? முருகன் பூவில் பேசவில்லை, இந்தப் பையன் வாயால் பேசிவிட்டார் என்று கையெடுத்துக் கும்பிட்டேன். அங்கேயே சம்மதம் சொன்னேன்.

இப்போதும் கோயிலுக்குப் போனால் குருக்கள் என் கையில் இரண்டு விபூதிப் பொட்டலம் தருகிறார். "ரெண்டும் விபூதிதான் ஓய். பிரிச்சுப் பார்த்துக்கும்!"

கமலாதான் முதலில் சிரிக்கிறாள். நான் வாசலுக்கு வந்ததும் இரண்டையும் பிரித்துப் பார்த்துவிடுகிறேன்.