பங்கருக்குள் இருந்த தேயிலை

யாழ்ப்பாணத்தில் மண்ணை உழுதவர்கள் உண்டு, மண்ணை விற்றவர்கள் உண்டு, வேலிக்கரை மண்ணுக்காக ஆயுசு முழுக்க வழக்காடினவர்களும் உண்டு. ஆனால் மண்ணை எடுத்து நாக்கில் வைத்து, கண்ணை மூடி, கறிக்கு ருசி பார்ப்பதுபோல “இன்னும் புளிப்புக் காணாது” என்று குறை சொன்ன மனிதர் இந்த உலகத்திலேயே ஒருவர்தான். அவர் கொழும்புத்துறையில் எங்கள் வேலிக்கு அடுத்த பக்கம் இருந்தார். புளியண்ணை என்றால் பால்குடிப் பிள்ளையும் வீட்டைக் காட்டும். ஞானஸ்நானப் பெயரைக் கேட்டால் அவரே கொஞ்சம் யோசிப்பார்.

மலைநாட்டுத் தேயிலைத் தோட்டமொன்றில் கிளாக்கராக இருந்தவர். பெண்சாதி காலமாகி, பிள்ளைகுட்டி இல்லாத தனிக்கட்டை. எண்பத்துமூன்று கலவரத்தில் காடையர் வீட்டைக் கொளுத்தித் துரத்திவிட, அகதிக் கப்பலில் ஏறி வந்து காங்கேசன்துறையில் இறங்கினார். கப்பலில் வந்த மற்றவர்கள் நகை, காணி உறுதி, பிள்ளைகளின் சேட்டிபிக்கற் என்று நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்தார்கள். இவர் அணைத்துக்கொண்டு வந்தது ஒரு பால்மா ரின், வெறும் தகரப் பேணி. ரின்னுக்குள் தோட்டத்து மண். மண்ணுக்குள் விரல் உயரத்தில் ஒரு தேயிலைக் கன்று.

“வேறை ஒண்டும் கொண்டு வரேல்லையோ அண்ணை?” என்று கேட்டேன்.

“கொண்டுவர விட்டாங்களோ? ‘உன்ரை மண்ணுக்குப் போடா’ எண்டு கத்தினாங்கள். சரி, வந்திட்டன். இவரையும் கூட்டிக்கொண்டு வந்தனான். பிடுங்கி எறிஞ்சால் செத்துப்போவினம் எண்டெல்லோ அவங்கள் நினைக்கிறாங்கள்? இவரை இஞ்சை நட்டு, முதல் கொழுந்தை அந்தோனியாருக்குக் குடுக்கிறது எண்டு நேர்த்தி வைச்சிட்டன். அதுதான் தம்பி நான் அவங்களுக்குச் சொல்லுற மறுமொழி.”

கன்று அவருக்கு எப்போதும் ‘இவர்’தான்.

ரின்னுக்குள் இருந்த வரைக்கும் இவருக்கு ஒரு குறையுமில்லை. அளவாக வெட்டி வெட்டி, சில வருசம் சுகமாக வைத்திருந்தார். ரின் கறள் பிடித்து அடி கழன்றபோதுதான் வினை வந்தது. முற்றத்து மண்ணில் நட்டார். கொஞ்ச நாளில் இலையெல்லாம் மஞ்சள், நரம்பு மட்டும் பச்சை. காமாலைக்காரன்போல இருந்தது செடி.

முன்வீட்டில், பள்ளிக்கூடத்தில் விவசாயம் படிப்பித்து ஓய்வெடுத்த மாஸ்ரர் ஒருவர் இருந்தார். வந்து பார்த்துக் கைத்தடியால் நிலத்தைத் தட்டினார்.

“ஐசே, உது சரிவராது. எங்கடை நிலத்துக்குக் கீழை முழுக்கச் சுண்ணாம்புக்கல்லு. கிணத்துத் தண்ணியும் சுண்ணாம்பு. மலைநாட்டிலை மழை சத்தையெல்லாம் கழுவிக்கொண்டு போடும். மிஞ்சுறது புளிப்பும் அலுமினியமும்தான். மற்றச் செடியளின்ரை வேரை அது கருக்கிப்போடும். தேயிலை கெட்டிக்காரன், அலுமினியத்தை உறிஞ்சிக் கிழட்டு இலையளுக்குள்ளை பூட்டி வைச்சிட்டுத் தன்பாட்டிலை தளிர்க்கும். பஞ்சத்திலை வளந்த பிள்ளை காணும் அது. இஞ்சத்தைச் சுண்ணாம்புச் சாப்பாடு அதுக்குச் செமியாது. மண் புளிப்பா இருக்கவேணும்.”

மாஸ்ரர் சொன்னதில் ஒரு பிழையுமில்லை. கேட்டவர் காதில்தான் பிழை. புளிப்பு என்றதும் புளியண்ணைக்குச் சமையலறைதான் நினைவுக்கு வந்தது.

அடுத்த நாளே பழப்புளி கரைத்து ஊற்றினார். தேசிக்காய் பிழிந்தார். கள்ளைப் புளிக்கவைத்து வினாகிரியாக்கிப் போத்தில் போத்திலாக விட்டார். தான் மட்டும் புளியில்லாத மீன்குழம்பைச் சப்பென்று தின்றார். ஒழுங்கை முழுக்க மணத்தது. என் மனுசி வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தாள்.

“அண்ணை, செடி வளக்கிறியளோ, அச்சாறு போடுறியளோ?”

“சிரியும் தங்கச்சி, சிரியும். இவர் கொழுந்து விடேக்கை உமக்கொரு சொட்டும் தரமாட்டன்.”

விடியற்பூசைக்குப் போகுமுன் மண்ணை ருசி பார்ப்பது அவருடைய வழக்கமாயிற்று. பூசையில் நற்கருணை நன்மை எடுக்கமுன் ஒன்றும் சாப்பிடக்கூடாது என்பது எங்கள் ஒழுங்கு. அதனால் மனுசருக்கு மனச்சாட்சி குத்திவிட்டது. கோயில் வாசலில் எல்லாரும் நிற்க, சுவாமியாரிடம் கேட்டார்.

“சுவாமி, மண் சாப்பாட்டிலை சேர்த்தியோ?”

சுவாமியார் கண்ணாடியைக் கழற்றினார். “விழுங்கிறனீரோ?”

“துப்பிப்போடுவன் சுவாமி. ஆனால் ருசி நிக்குது.”

“என்ன ருசி?”

“புளிப்புக் காணாது.”

“அப்ப பாவமில்லை,” என்று சொல்லிவிட்டுச் சுவாமியார் வேகமாகச் சக்கிறீஸ்து அறைக்குள் போனார். அங்கே அவர் சிரித்த சத்தம் வெளியிலிருந்த எங்களுக்குக் கேட்டது.

“புளிக்க வைக்கிறதெண்டால் கந்தகம் போடவேணுமெண்டு ஆரும் உவருக்குச் சொல்லுங்கோவன்!” என்று மாஸ்ரர் தலையில் அடித்துக்கொண்டார். யாரும் சொல்லியிருக்கக்கூடாது. அது பொருளாதாரத் தடைக் காலம். மண்ணெண்ணெய், உடுப்புத் தோய்க்கச் சவுக்காரம், பற்றறி ஒன்றும் குடாநாட்டுக்குள் வராது. கந்தகம்போல வெடிமருந்துக்கு உதவக்கூடியது என்றால் பேச்சே இல்லை. புளியண்ணை நேரே சந்திக் கடைக்குப் போய், சனம் நிறைந்த நேரத்தில், “தம்பி, கந்தகம் கொஞ்சம் கூடத் தேவை, இருக்கோ?” என்று உரத்துக் கேட்டார். சனம் நாலு பக்கமும் பறந்தது. கடைக்காரர் பலகை போட்டுப் பூட்டிவிட்டுப் பின்வாசலால் வீட்டுக்குப் போய்விட்டார்.

அதற்குப் பிறகு அவர் வீடு வீடாக அலுமினியச் சட்டி மூடி இரவல் கேட்டு வந்தார். ஏதோ நேர்த்திக்குச் சமைக்கப்போகிறார் என்று நினைத்து எல்லாரும் கொடுத்தார்கள். என் மனுசி தேத்தண்ணிச் சட்டியின் மூடியைக் கொடுத்தாள். அதே நாட்களில் அவர் முற்றத்தில் ஆளுயர ஆழத்துக்குக் கிடங்கு வெட்டினார். பொம்மர் வந்து குண்டு போடும் காலம். வீட்டுக்கு வீடு பதுங்குவதற்குப் பங்கர் வெட்டியாயிற்று. அவர் ஒருவர்தான் மிச்சம். கடைசியில் மனுசருக்குப் புத்தி வந்தது என்று நான் கடவுளுக்கு நன்றி சொன்னேன்.

பொம்மர் இரைந்துகொண்டு வந்த ஒரு காலையில் நாங்கள் எங்கள் பங்கருக்குள் பாய்ந்தோம். புளியண்ணையோ முற்றத்தில் நின்றுகொண்டிருந்தார்.

“அண்ணை! பங்கருக்குள்ளை இறங்குங்கோ!” என்று கத்தினேன்.

“இடமில்லை! பங்கருக்குள்ளை ஆள் இருக்கு!”

யாரோ என்று பதறி ஏறி வந்து வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தேன். பங்கர் விளிம்புவரை நிரம்பியிருந்தது. உக்கிய இலைகுழை, சாணம், இற்றுப்போன பனைமரத் துண்டு. அதன் நடுவில் நிமிர்ந்து நின்றார் ‘இவர்’. என் மனுசி ஓடிப்போய்ப் புளியண்ணையைச் சேட்டில் பிடித்து எங்கள் பங்கருக்குள் இழுத்துவந்தாள். செபமாலை சொல்லி முடித்ததும் முதல் வேலையாகக் கேட்டாள்.

“மூடி எங்கை அண்ணை?”

“அது இப்ப வராது தங்கச்சி. இவருக்குக் கீழை கிடக்கு. அலுமினியம் குடிக்கிறார்.”

மாஸ்ரர் கேள்விப்பட்டு ஒரு நாள் முழுக்கச் சிரித்தார். சட்டி மூடியைச் செடி தின்னுமோ என்று கேட்டுக் கேட்டுச் சிரித்தார். ஆனால் இலை பச்சையாகிக்கொண்டு வந்தது. கூரைப் பீலியில் பிடித்த மழைத்தண்ணியைத் தவிர அவர் வேறொன்றும் ஊற்றவில்லை. “இலைக்குழையும் மழைத்தண்ணியும் செய்த வேலை ஐசே. உம்மடை புளியுமில்லை, மூடியுமில்லை,” என்றார் மாஸ்ரர். “செடியைக் கேளுங்கோ மாஸ்ரர்,” என்றார் புளியண்ணை.

அந்தோனியார் பெருநாள் கிட்டியது. செடியின் நுனிகளிலெல்லாம் முதல் கொழுந்து கண் திறந்திருந்தது. அந்த நேரம் பார்த்துத்தான் அடுத்த வளவில் குண்டு விழுந்தது. அந்தோனியார் காவல், ஆளுக்குச் சேதமில்லை. ஆனால் பழைய சுண்ணாம்புச் சுவரொன்று தூளாகிப் பறந்து வந்து எங்கள் எல்லார் முற்றத்திலும் இறங்கியது. பங்கரால் ஏறி வந்தவர்கள் கை, கால், பிள்ளைகளைத் தடவிப் பார்த்தார்கள். புளியண்ணை செடியைப் பார்த்தார். செடி முழுக்க வெள்ளை. மழைத்தண்ணிப் பீப்பா ஓட்டையாகி, கடைசிச் சொட்டும் ஓடியிருந்தது.

அவர் அழவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார்: “அங்கை நெருப்பு வைச்சாங்கள். இஞ்சை சுண்ணாம்பு கொட்டுறாங்கள். சாகார் பாருங்கோ, இவர் சாகார்.”

கிணத்துச் சுண்ணாம்புத் தண்ணியில் அவியாத பருப்புக்கென்று ஒளித்து வைத்திருந்த மழைத்தண்ணியை என் மனுசி குடத்தோடு கொண்டுவந்து வைத்தாள். மற்ற வீடுகளிலிருந்தும் செம்பு செம்பாக வந்தது. ஒரு வாளியைத் தூக்கிக்கொண்டு மாஸ்ரரும் வந்தார்.

“தண்ணி மண்ணிலை விழாமல் சாக்கை விரியும். இலையை மட்டும் கழுவும். விசர் மனுசன்! ஒரு செடிக்கு இவ்வளவு ஆட்டமோ!” என்று ஏசி ஏசி, தன்னுடைய சட்டைப்பை லேஞ்சியால் ஒவ்வொரு இலையாகத் துடைத்தார். கிழட்டு இலைகளையும் விடவில்லை.

எங்கள் கோயிலில் முதல் விளைச்சலைக் காணிக்கை வைப்பார்கள். பூசை முடிய அதை ஏலத்தில் கூறுவார்கள். பூசணிக்காய் போயிற்று, சேவல் போயிற்று, கதலி வாழைக்குலை போயிற்று. கடைசியாக ஏலம் கூறுகிறவர் ஒரு தட்டத்தைத் தூக்கினார். ஒரு சிறாங்கை, கைக்குள் அடங்குகிற அளவு கொழுந்து.

“புளியண்ணை பிடுங்கின தேயிலை! ஆர் கேக்கிறது?”

எல்லாரும் சிரித்தார்கள். புளியண்ணை முன்னுக்கு வந்தார். இஸ்திரி போட்ட வெள்ளைச் சேட்டு, நிமிர்ந்த முதுகு.

“பிடுங்கேல்லை,” என்றார். சத்தம் கோயில் முகப்பில் மோதித் திரும்பியது. “பிடுங்கினது அவங்கள். நான் கிள்ளினனான். கிள்ளினால் திரும்பத் தளிர்க்கும்.”

சிரிப்பு நின்றுவிட்டது. பிறகு பின்னுக்கிருந்து மாஸ்ரரின் கைத்தடி உயர்ந்தது.

“ஒரு போத்தில் மண்ணெண்ணெய்!”

அந்த நாளில் மண்ணெண்ணெய் என்றால் பவுனுக்குச் சமம். என் மனுசி சீலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு எழும்பினாள்.

“ஒரு போத்திலும், ரெண்டு கட்டிச் சவுக்காரமும்! என்ரை மூடியைத் திண்டு வளந்த இலை. வேறை ஆருக்கு உரிமை?”

வீட்டில் இருந்தது அந்த இரண்டு கட்டிதான். நான் அந்தோனியாரைப் பார்த்தேன். அவர் குழந்தை யேசுவைப் பார்த்துக்கொண்டிருந்தார். கொழுந்து எங்களுக்கே விழுந்தது.

மனுசி கொழுந்தைச் சட்டியில் வாட்டிக் கருக்கி, கோயில் வளவிலேயே பெரிய பானையில் தண்ணி கொதிக்க வைத்துப் போட்டாள். ஆளுக்கொரு வாய், பனங்கட்டி கடித்துக்கொண்டு. தண்ணிக்கு நிறம் மாறவேயில்லை. சுவாமியார் “திறம்” என்று மெச்சினார். மாஸ்ரர் இன்னொரு வாய்க்குக் கோப்பையை நீட்டினார். புளியண்ணை கண்ணை மூடி நாக்கில் வைத்துப் பார்த்தார். அவர் வாயையே ஊர் முழுக்கப் பார்த்தது.

“புளிப்புக் காணாது,” என்றார். அதைச் சொல்லிவிட்டுத்தான் அழுதார்.

அந்தத் தேத்தண்ணிச் சட்டி இன்றும் எங்கள் அடுப்பில் இருக்கிறது. புது மூடி வாங்கவோ என்று எத்தனையோ தரம் கேட்டுப் பார்த்துவிட்டேன். “மூடி இருக்குத்தானே, இரவல் குடுத்திருக்கிறன்,” என்பாள் மனுசி.